அனனியாவுக்கு ஆமென் சொன்னவர்

இன்று பட்டம் பெற்று ஊழியத்துக்குப் போகும் அன்புப் பிள்ளைகளே,

உங்களில் சிலர் மூதூருக்குப் போகிறீர்கள். சிலர் குச்சவெளிக்கு, சிலர் சொந்த ஊர்ச் சபைக்கே திரும்புகிறீர்கள். எங்கே போனாலும் ஒருநாள் உங்கள் வார்த்தை தள்ளப்படும். தெரிந்த வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். சபைக் கமிட்டி உங்களை வெளியே இருத்திவிட்டுக் கூடிப் பேசும். அந்த நாளைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

தீர்க்கதரிசி என்றால் தள்ளப்படத்தான் செய்வான் என்று ஊழியக்காரர் நடுவே ஒரு பேச்சு உண்டு. சரிதான். ஆனால் தள்ளப்பட்டவர் எல்லாரும் தீர்க்கதரிசி ஆகிவிடுவதில்லை. கோணேசர் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் விகாரையின் பிரித் ஓதலும் ஒரே காற்றில் கேட்கிற ஊர் நம் திருகோணமலை. இங்கே ஒலிபெருக்கியைத் தெருப்பக்கம் திருப்பிவைத்து, அயலவர் கும்பிடுவதைப் பேய் என்று சொல்லிக் கல்லெறி வாங்கினால், எறிந்தது குற்றம்தான், பொலிசில் முறையிடலாம். அதைத் தீர்க்கதரிசி எரேமியா பட்ட பாடு என்று மட்டும் சாட்சி சொல்லாதீர்கள்.

எரேமியா பட்ட பாடு எதுவென்று அவருடைய ஆகமத்தின் 28ஆம் அதிகாரத்தில் பாருங்கள். எருசலேம் ஆலயத்தில், ஆசாரியர்களும் சனங்களும் பார்த்திருக்க, கழுத்தில் மர நுகத்தோடு நிற்கிறார். பாபிலோனுக்கு அடங்கித்தான் ஆக வேண்டும் என்பது அவர் செய்தி. கிபியோன் ஊரானாகிய அனனியா எதிரே வந்து, இரண்டே வருடத்தில் பாபிலோனின் நுகம் முறியும், சிறைப்பட்டுப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்கிறான். எரேமியா என்ன சொல்கிறார்? முதலில் ஆமென் என்கிறார். கர்த்தர் அப்படியே செய்யட்டும் என்கிறார். நான் சொன்னது பொய்யாகி நீ சொன்னது பலித்தால் எனக்குச் சந்தோஷம் என்பதுதான் அதற்கு அர்த்தம். வாயால் மட்டும் சொன்ன ஆமென் என்று நான் நினைக்கவில்லை. தன் சனம் நொறுங்குவதை நினைத்து அழுது தீராதவர் அவர்.

பிறகு அனனியா நுகத்தைப் பிடுங்கி, எல்லாருக்கும் முன்பாக உடைத்துப்போடுகிறான். எரேமியா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தன் வழியே போய்விடுகிறார். மறுமொழி அவருக்கு அந்த இடத்தில் கிடைக்கவில்லை. பின்னால் கர்த்தருடைய வார்த்தை வந்தபோதுதான் திரும்பிப் போகிறார். இன்றைக்கென்றால் அன்று இரவே முகநூல் நேரலையில் பதிலடி வந்திருக்கும். பிள்ளைகளே, ஆண்டவர் எதையும் தராதபோது பேசாமல் வீட்டுக்குப் போகத் தெரிந்துகொள்ளுங்கள்.

அனனியாவை ஏமாற்றுக்காரன் என்று ஒதுக்கிவிட்டால் நாம் தப்பித்துவிடுவோம். அவன் சொன்னது சனங்கள் கேட்க ஏங்கியிருந்த வார்த்தை. அதே ஏக்கம் இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை ஏந்தித் தெருவோரத்தில் நிற்கிற தாய்மாரை நீங்கள் அறிவீர்கள். அப்படி ஒரு தாய் சபைக்கு வந்து, படத்தை உங்கள் கையில் வைத்து, ஐயா, ஆண்டவர் ஏதும் சொன்னாரா என்று கேட்பார். பிளாஸ்டிக் உறைக்குள் விளிம்பு மடங்கிய கடவுச்சீட்டு அளவுப் படம். உன் பிள்ளை உயிரோடிருக்கிறான், இந்த நத்தாருக்குள் வருவான் என்று சொல்ல உங்கள் நாக்குத் துடிக்கும். இரக்கத்தாலும் துடிக்கும்; அவர் முகம் மலர்வதைப் பார்க்கும் ஆசையாலும் துடிக்கும்; சபை முழுவதும் உங்களை வியப்போடு பார்க்கப்போகிறது என்ற நினைப்பாலும் துடிக்கும். மூன்றும் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதால் எது எதுவென்று அந்த நிமிடத்தில் பிரிக்க முடியாது. அதனால் அந்த நிமிடத்தில் சொல்லாதீர்கள். நத்தார் வந்து போகும். நீங்கள் அடுத்த ஊரில் கூட்டம் நடத்திக்கொண்டிருப்பீர்கள். விலை கொடுப்பவர் அந்தத் தாய்.

ஆறுதல் சொல்லும்போது இப்படி என்றால், கண்டனம் சொல்லும்போது வேறொரு கண்ணி இருக்கிறது. நினிவே அழியும் என்று சொன்ன யோனாவுக்கு அந்த நகரம் மனந்திரும்பியது பிடிக்கவில்லை. நகரத்துக்கு வெளியே பந்தல் போட்டு, என்ன நடக்கிறது பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்தார். நான் சொன்ன அழிவு வராமல் போனால் நான் மகிழ்வேனா? இந்த ஒரு கேள்வியை உங்களிடமே கேளுங்கள். மனதுக்குள் சின்ன ஏமாற்றம் எழும்பினாலும் அந்தக் கண்டனத்தை இன்னும் வெளியே சொல்லவேண்டாம்.

கண்டனம் சொல்வது வேதாகமக் காலத்தோடு முடிந்த காரியமல்ல. 1983 ஜூலையில் இந்தத் துறைமுகத்துக் கடற்படைச் சிப்பாய்கள் முகாமை விட்டு நகரத்துக்குள் இறங்கித் தமிழரின் வீடுகளையும் கடைகளையும் எரித்தார்கள். அந்த மாதம் தெற்கில் எரிந்ததைச் சொல்லி முடியாது. அப்போது குருநாகலின் அங்கிலிக்கன் ஆயராக இருந்தவர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. செல்வாக்குள்ள சிங்களக் குடும்பத்தில் பிறந்தவர், 1962 முதல் ஆயர், குடிசார் உரிமைகள் இயக்கத்தில் முன்னின்றவர். உடல்நலம் குன்றி இங்கிலாந்தில் தங்கியிருந்தவர் நாட்டுக்குத் திரும்பினார். செப்டெம்பரில் தம் மறைமாவட்டத்துக்கு ஒரு மேய்ப்பர் மடல் எழுதினார். நடந்ததை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது, சிங்களவராகிய நாம் வெட்கப்பட்டுத் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். அக்டோபர் 23ஆம் திகதி, 56ஆவது வயதில், இறந்துபோனார்.

அவர் ஒரு வீட்டையும் எரிக்கவில்லை; அப்போது நாட்டிலேயே இருக்கவில்லை. சிங்களவர்கள் இப்படிச் செய்தார்கள் என்று எழுதியிருந்தால் நம்மவர் கைதட்டியிருப்போம். அவர் தம்மையும் சேர்த்து எழுதினார். தன் சனத்தின் பாவத்தைத் தன் பாவமாக எண்ணாதவன் அதைக் கண்டிக்கத் தகுதியற்றவன் என்றே நான் நம்புகிறேன். இது நமக்கும்தான். நாம் தமிழர், நம் பக்கத்திலும் சொல்லாமல் விட்டவை உண்டு. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டதைப் பற்றி நம் பிரசங்கபீடங்கள் எத்தனை முறை பேசியிருக்கின்றன?

மறுபடியும் எரேமியாவிடம் வருவோம். அவருடைய சொந்த ஊர் ஆனதோத். அந்த ஊரார்தான், தீர்க்கதரிசனம் சொல்லாதே, சொன்னால் எங்கள் கையால் சாவாய் என்றார்கள். வருடங்கள் கழித்து, பாபிலோன் படை சூழ்ந்திருக்க, காவலில் கிடந்த எரேமியா அதே ஆனதோத்தில் ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக்கொடுத்து வாங்குகிறார். சாட்சி வைத்து எழுதி, முத்திரை போட்டு, உறுதியை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். 2006இல் போரால் சம்பூரிலிருந்து ஓடிய சனங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காகத் தலைமாட்டில் வைத்துக் காத்திருந்தவர்கள் அவர்கள். கொல்ல வந்த ஊரில் எரேமியா காணி வாங்கினார். உங்களைத் தள்ளிய ஊரை விட்டு அடுத்த கிழமையே மாற்றம் கேட்டு எழுத நினைக்கும்போது, அந்தப் பதினேழு சேக்கலை நினைத்துக்கொள்ளுங்கள்.

எருசலேம் விழுந்தது. எரேமியா சொன்னதெல்லாம் நடந்தது. பாபிலோன் தளபதி அவருடைய விலங்கைக் கழற்றி, என்னோடு வா, உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவர் போகவில்லை, மிஞ்சியிருந்த ஏழைகளோடு தங்கினார். அவர்கள் எங்களுக்காக ஜெபம் பண்ணும் என்று கேட்டார்கள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: எகிப்துக்குப் போகவேண்டாம். நீ பொய் சொல்கிறாய் என்று சொல்லிவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கே போனார்கள். அங்கே தகபானேசில், அதே சனங்கள் நடுவே, எரேமியா மறுபடியும் பேசத் தொடங்கினார்.