குற்றத்தாற் பயனுண்டோ?



உடலிற் புண் ஆகாதவாறுபோல நாட்டிற் குற்றமும் ஆகாது என்பது நம் அனைவர்க்கும் ஒத்த எண்ணம். பிரெஞ்சு நாட்டுச் சமூகவியற் பேராசிரியர் எமில் துர்கைம் என்பார் 1895-இல் வெளியிட்ட நூலில் இதனை மறுத்துரைத்தார். குற்றமற்ற சமூகம் யாண்டும் இன்மையின், குற்றம் நோயன்று, சமூக வாழ்வின் இயல்பே என்பது அவர் துணிபு. முனிவரே வாழும் மடமொன்றை எண்ணிப் பார்க்கச் சொல்கின்றார். அங்கே கொலையுங் களவும் இரா. ஆயினும் பிறர் பொருட்படுத்தாத சிறு பிழை அங்கே பெரும்பழியாகிவிடும். பள்ளியிற் பாடஞ் சொல்லும் எமக்கு இஃது எளிதின் விளங்கிற்று. பிள்ளைகள் முற்றும் அடங்கியிருக்கும் வகுப்பில் எழுதுகோல் விழும் ஓசையுங் குற்றமன்றோ!

இனி, குற்றத்தாற் பயன் யாது? பிழைத்தவனை ஒறுக்குங்கால் ஏனையோர் ஒன்றுகூடி, 'இஃது எம் வரம்பு' எனத் தமக்குள் உறுதி செய்துகொள்கின்றனர். கை எரிக்சன் என்னும் அமெரிக்க அறிஞர் 1966-இல் இக்கருத்தை மாசசூசெட்ஸ் நாட்டு வரலாற்றோடு பொருத்திக் காட்டினார். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்குக் குடியேறிய பியூரிட்டன் கிறித்தவர், தம் நெறி தளரும் போதெல்லாம் புதுக் குற்றவாளிகளைக் கண்டனர். முதலில் ஆன் ஹட்சின்சன் என்னும் அம்மையார், பின்னர்க் குவேக்கர், 1692-இல் சேலத்தில் சூனியக்காரர் எனப்பட்டோர்.

குவேக்கருள் ஒருவர் மேரி டையர் என்னும் அம்மையார். நாடு கடத்தப்பட்ட குவேக்கர் மீண்டுவரிற் கொலைத் தண்டம் என்பது 1658-இல் ஆங்கெழுந்த சட்டம். அம்மையார் மீண்டு வந்தார். 1659-இல் உடன்வந்த இருவர் தூக்கிலிடப்பட்டனர். இவரைத் தூக்குமரத்தடி வரை கொண்டுசென்று உயிரோடு அனுப்பினர். அவர் மறுபடியும் வந்தார். 1660-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் பாஸ்டனில் தூக்கிலிட்டனர்.

துர்கைம் கூறியது பொய்யென்னோம். கூட்டத்தில் ஒருவரைத் தள்ளிவைக்கும் பேச்செழுந்தால், அதுகாறும் பிணங்கியிருந்தோரும் நெருங்கி அமர்தலை யாமே கண்டுள்ளோம். ஆயின் அவ்வொற்றுமையைத் துய்த்தோர் யாவர்? சூழநின்று கண்டோரே. கயிற்றில் தொங்கியவர் பங்கினை எழுதாது, சமூகத்துக்கு ஊதியம் எனக் கணக்கை முடித்தல் எங்ஙனம் பொருந்தும்?

துர்கைமும் பிறிதோரிடத்து இவ்வினாவை அணுகி வருகின்றார். ஏதென்சு நகரத்துச் சாக்ரட்டீஸ் சட்டப்படி குற்றவாளியே. அவர் குற்றமோ பின்வந்த ஒழுக்கத்திற்கு வித்தாயிற்று என்கின்றார். எவர் பிழை வித்து, எவர் பிழை களை என்பது ஒறுக்கும் நாளில் ஒறுப்போர்க்குத் தெரிவதில்லை. அக்கொலைச் சட்டத்தை இயற்றிய பேரவை அதே பெயரோடு இன்றுங் கூடும் பாஸ்டன் மாளிகையின் முன்னர், 1959-இல் மேரி டையர்க்கு அமர்ந்த கோலத்திற் சிலை நிறுவினர்.