தாளத்துக்குத் திறக்கும் கதவு

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டெக்னோ இசை பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் கூட்ட ஏற்பாட்டில் இருந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, அது ஈசிஆர் பக்கம் பணக்காரப் பிள்ளைகள் ஆடுகிற சத்தம்தானே? நம்ம மேடையில் அதுக்கு என்ன வேலை?" கேள்வி நியாயமானது. அவர் பார்த்த டெக்னோ அதுதான். நுழைவுக் கட்டணம் ஆயிரக்கணக்கில். வாசலில் பவுன்சர். காலில் ரப்பர் செருப்பு என்றால் அனுமதி இல்லை. ஆண்கள் தனியாக வந்தால் அனுமதி இல்லை. அந்த வாசலில் நிற்கிறவர் நம்மைத் தலைமுதல் கால்வரை ஒருமுறை பார்ப்பார். அந்தப் பார்வையின் பொருள் இங்கே பலருக்கும் தெரியும்.

ஆனால் அந்த இசை பிறந்தது அப்படிப்பட்ட வாசல்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களிடம்தான். அவர்களிடமிருந்து இது எப்படிக் கைமாறியது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறது டெட்ராய்ட். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் என்று மூன்று பெரிய கார் நிறுவனங்களின் ஊர். தென்மாநிலங்களின் பருத்திக் காடுகளிலிருந்தும் இனவெறிக் கும்பல்களிடமிருந்தும் தப்பி, லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் அங்கே வேலை தேடிப் போனார்கள். வேலை கிடைத்தது, உலைக்களத்திலும் பெயிண்ட் அடிக்கும் கூடத்திலும். வீடு கிடைப்பதுதான் பாடாக இருந்தது. 1941இல் ஒரு கட்டுமானக்காரர் வெள்ளையருக்கான வீடுகள் கட்டத் திட்டமிட்டார். பக்கத்தில் கறுப்பினக் குடியிருப்பு இருந்ததால் அரசின் வீட்டுக்கடன் உத்தரவாதம் கிடைக்கவில்லை. நடுவில் ஒரு சுவர் எழுப்பினார். ஆறடி உயரம், அரை மைல் நீளம். உத்தரவாதம் கிடைத்துவிட்டது. அந்தச் சுவர் இன்றும் இருக்கிறது. உத்தபுரத்துச் சுவரின் கதை தெரிந்தவர்களுக்கு இதை நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

நகரத்தின் நடுவே ஹேஸ்டிங்ஸ் தெரு என்று ஒன்று இருந்தது. கறுப்பினத்தவரின் கடைகள், ஜாஸ் கூடங்கள், ப்ளூஸ் பாடும் மதுக்கூடங்கள் எல்லாம் அங்கேதான். நெடுஞ்சாலை போடுகிறோம் என்று அந்தத் தெருவையே இடித்துத் தள்ளினார்கள். 1967 ஜூலை 23 அதிகாலை, 12ஆம் தெருவில் உரிமம் இல்லாமல் நடந்த ஓர் இரவு மதுக்கூடத்துக்குள் போலீஸ் நுழைந்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக அங்கே விருந்து நடந்துகொண்டிருந்தது. எண்பதுக்கும் மேற்பட்டோரைக் கைது செய்தார்கள். தெருவில் கூடிய மக்கள் எதிர்த்தார்கள். அது பெரும் எழுச்சியானது, ராணுவம் இறங்கியது. 43 பேர் செத்தார்கள், அவர்களில் 33 பேர் கறுப்பினத்தவர். இரவில் கூடி ஆடிப்பாட ஓர் இடம் வேண்டும் என்பது அந்த மக்களுக்கு எவ்வளவு பெரிய அரசியல் என்று பாருங்கள்.

அதற்குப் பிறகு வெள்ளையர்கள் வேகவேகமாகப் புறநகரங்களுக்குப் போனார்கள். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1972இல் மோடவுன் இசை நிறுவனமும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம் மாறியது. ஊர் காலியாகிக்கொண்டிருந்தது. மிஞ்சியிருந்த பிள்ளைகளின் காதில் ஒரு குரல் விழுந்தது. எலக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற கறுப்பின வானொலித் தொகுப்பாளர். முகத்தை வெளியே காட்டிக்கொள்ளாதவர். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க், பிரின்ஸ், பார்லிமென்ட் என்று எல்லாவற்றையும் ஒரே இரவில் அடுத்தடுத்துப் போடுவார். இது கறுப்பர் இசை, இது வெள்ளையர் இசை என்ற பாகுபாடு அவரிடம் இல்லை. "நான் பேசுவது கேட்டால் வாசல் விளக்கை அணைத்து எரியுங்கள்" என்பார். வீடு வீடாக விளக்குகள் மினுக்கும்.

அந்த வானொலியைக் கேட்டு வளர்ந்த மூன்று இளைஞர்கள் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். வெள்ளையர் அதிகம் இருந்த பெல்வில் என்ற சிற்றூரின் பள்ளியில், விரல்விட்டு எண்ணக்கூடிய கறுப்பின மாணவர்களாக இருந்தவர்கள். ரோலண்ட் நிறுவனத்தின் 808, 909 என்ற டிரம் மெஷின்கள் அப்போது சந்தையில் தோற்றுப்போனவை. உண்மையான டிரம்ஸ் போல இல்லை என்று இசைக்கலைஞர்கள் ஒதுக்கியதால், பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. ஒதுக்கிய மெஷின் ஒதுக்கப்பட்டவர் கைக்கு வந்தது. 1981இல் அட்கின்ஸும், வியட்நாம் போரில் இருந்து வந்த ரிக் டேவிஸும் சைபோட்ரான் என்ற பெயரில் முதல் இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். ஆல்வின் டாஃப்ளரின் புத்தகத்திலிருந்து "டெக்னோ" என்ற சொல்லை எடுத்துக்கொண்டவர் அட்கின்ஸ். 1988இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஒரு தொகுப்பு அந்தச் சொல்லை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

அதே 1988இல் டெட்ராய்டின் வெறிச்சோடிய நகர மையத்தில், 1315 பிராட்வே என்ற முகவரியில் மியூசிக் இன்ஸ்டிடியூட் தொடங்கியது. நடத்தியவர்கள் ஜார்ஜ் பேக்கர், ஆல்டன் மில்லர், ஷே டாமியர் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள். மது கிடையாது, ஜூஸ் மட்டும். இருட்டு, விட்டுவிட்டு அடிக்கும் ஒரு விளக்கு, நல்ல ஸ்பீக்கர். நள்ளிரவுக்கு மேல் தொடங்கி விடியும்வரை போகும். வெள்ளிக்கிழமைகளில் டெரிக் மேயும் டி வின்னும் இசைத்தட்டு போடுவார்கள். சனிக்கிழமைகளில் மில்லரும் டாமியரும்.

டிஜே என்றால் யாரோ பாடியதைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்குகிறவர் என்று நினைக்காதீர்கள். இரண்டு டர்ன்டேபிள், நடுவில் ஒரு மிக்ஸர். ஒரு தட்டு ஓடும்போதே அடுத்த தட்டைக் காதில் கேட்டு, அதன் வேகத்தைக் கையால் கூட்டிக் குறைத்து, இரண்டின் அடியும் ஒன்றாக விழும்போது உள்ளே விட வேண்டும். நிமிடத்துக்கு 120, 130 அடி. ஆடுகிறவருக்குத் தாளம் அறுபடவே கூடாது. கூட்டத்தின் மூச்சைப் பார்த்து அடியை ஏற்றி இறக்குவது என்றால் என்னவென்று பறை அடிக்கிறவர்களுக்கு நன்றாகவே புரியும்.

அந்த அறைக்குள் கறுப்பரும் வெள்ளையரும், தன்பால் ஈர்ப்பாளரும் மற்றவரும் ஒன்றாக ஆடினார்கள். நாட்டிலேயே நிறவாரியாகப் பிரிந்துகிடந்த ஊர்களில் ஒன்றில் இது நடந்தது. அந்த இடம் நீடித்தது ஏறக்குறைய ஒன்றரை வருடம்தான். 1989 நவம்பரில் மூடினார்கள். கடைசி இரவில் மணிக்கூண்டு மணியோசையைத் தன் இசையோடு கலந்து டெரிக் மே முடித்துவைத்தார்.

இதுவரை நான் சொன்னது புகழ்ச்சி மாதிரி இருக்கும். ஆனால் நாம் அம்பேத்கரைப் படித்தவர்கள். ஒடுக்குமுறை மேலும் கீழுமாக இரண்டே தட்டாக இருப்பதில்லை, ஏணிப்படியாக இருக்கும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். டெட்ராய்டிலும் ஏணி இருந்தது. 80களின் தொடக்கத்தில், கொஞ்சம் வசதியான கறுப்பினக் குடும்பத்து மாணவர்கள் ஐரோப்பிய ஃபேஷனைப் பார்த்துப் பெயர் வைத்து விருந்து நடத்தினார்கள். டெக்னோவின் முதல் ரசிகர்கள் அவர்கள்தான். அந்த விருந்துகளின் துண்டறிக்கைகளில் "ஜிட்டுகளுக்கு அனுமதி இல்லை" என்று அச்சடித்தார்கள். ஜிட் என்றால் ஏழைத் தெருக்களின் பையன்கள். வெள்ளையரின் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றவர்களே இன்னொரு சுவரைத் தாளில் கட்டினார்கள். நம் சேரிப் பையனைப் பார்த்து, படித்து வேலைக்குப் போன நம்மாளே "இவனைக் கூட்டிட்டு வராதே" என்று சொல்வதில்லையா? வேடிக்கை என்னவென்றால், அதே ஜிட் என்ற பெயரில் அந்தத் தெருக்களில் ஆடிய வேகமான கால் ஆட்டம்தான் இன்று டெட்ராய்டின் பெருமை. டெக்னோ தாளத்துக்கு அதைத்தான் ஆடுகிறார்கள்.

பெண்களின் கதையும் உண்டு. ஸ்டேசி ஹேல், கெல்லி ஹேண்ட் இருவரும் ஆரம்பத்திலிருந்தே டர்ன்டேபிள் முன் நின்றவர்கள். கெல்லி ஹேண்ட் சொந்தமாக இசைத்தட்டு நிறுவனமே நடத்தினார். நகர மன்றம் அவரைக் கௌரவித்தது 2017இல்தான், 2021இல் இறந்துபோனார். தன்பால் ஈர்ப்பாளர்களின் கிளப்புகளில் ஒரு தலைமுறைக்கே இசைத்தட்டு போடக் கற்றுக்கொடுத்த கென் காலியர் 1996இல் இறந்தார். டெக்னோ வரலாறு என்று புத்தகம் போடுகிறவர்கள் மூன்று ஆண்களின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த மூவரில் ஒருவரான டெரிக் மே மீது 2020இல் பல பெண்கள் பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகளை வெளிப்படையாக வைத்தார்கள். அவர் மறுத்தார். ஆடுகளம் சமத்துவமானது என்று பாட்டில் சொன்னால் போதாது என்பதற்காகத்தான் இதையும் சொல்கிறேன்.

மியூசிக் இன்ஸ்டிடியூட் மூடிய அதே 1989 நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. கிழக்கு பெர்லினில் ஆளில்லாக் கட்டடங்கள் கிடந்தன. 1991இல், ஒரு காலத்தில் யூதக் குடும்பத்திடமிருந்து நாஜிகள் பறித்த வெர்ட்ஹைம் பல்பொருள் அங்காடியின் பாதாளப் பெட்டக அறையில் ட்ரெசார் என்ற கிளப் திறந்தது. அங்கே ஒலித்தது டெட்ராய்ட் இசை. அந்தக் கிளப்பின் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட முதல் தட்டே டெட்ராய்டின் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழுவினர் செய்ததுதான். பெர்லின்காரர்கள் பலர் இந்தக் கடனை மறுக்கவில்லை. ஆனால் உலகம் மறந்தது. 2024 மார்ச்சில் ஜெர்மனி தன் பண்பாட்டு மரபுகளின் யுனெஸ்கோ தேசியப் பட்டியலில் பெர்லின் டெக்னோவைச் சேர்த்தது. இன்று கூட்டத்தில் யாரையாவது எழுப்பி டெக்னோ எந்த ஊர் இசை என்று கேட்டால், பெரும்பாலும் ஜெர்மனி என்றுதான் சொல்வார்கள்.

அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் பற்றிச் சொல்லியாக வேண்டும். மைக் பேங்க்ஸும் ஜெஃப் மில்ஸும் தொடங்கியது. ராபர்ட் ஹூடும் சேர்ந்தார். முகமூடி போட்டு வாசித்தார்கள். முகத்தை விற்க மாட்டோம், இசையைக் கேளுங்கள் என்பது நிலைப்பாடு. இசைத்தட்டு அச்சடிப்பது, விற்பது எல்லாம் தங்கள் கையிலேயே. 1999இல் அவர்களுடைய ரோலண்டோ செய்த ஜாகுவார் என்ற இசை உலகெங்கும் பிடித்துப்போனது. சோனியின் ஜெர்மன் கிளை, அனுமதி இல்லாமல் அதை அச்சு அசலாக மறுபடி செய்து வெளியிடப் பார்த்தது. டெட்ராய்ட்காரர்கள் விடவில்லை. பல நாட்டு ரசிகர்கள் மின்னஞ்சல் எழுதி எதிர்த்தார்கள். சோனி பின்வாங்கியது. கையில் அச்சும் விநியோகமும் இருந்ததால்தான் எதிர்த்து நிற்க முடிந்தது. வெறும் திறமையை மட்டும் வைத்திருந்தால் நன்றி சொல்லி வழியனுப்பியிருப்பார்கள்.

2000இல் டெட்ராய்ட் நகர நடுவில் மின்னணு இசை விழாவைத் தொடங்கினார்கள். அனுமதி இலவசம், பாட்டி முதல் பேரன் வரை வந்தார்கள். 2005இலிருந்து டிக்கெட். அன்றைக்குச் சும்மா வந்து ஆடிய பக்கத்துத் தெருக்காரர் அந்த வாசலுக்கு வெளியே ஆகிவிட்டார்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நம் மேடையில் இதற்கு என்ன வேலை? 1946இல் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவின் படி கேட்டார். 1972இல் மகாராஷ்டிரத் தோழர்கள் பிளாக் பாந்தர் கட்சியைப் பார்த்து தலித் பாந்தர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அவர்களுடைய போராட்டத்தைப் படித்து நம் போராட்டத்தைக் கூர்மையாக்குவது நமக்குப் புதிதல்ல. அவர்களுடைய இசையையும் அப்படிப் படிக்கலாம்.

பறை இன்று கல்லூரி விழாவில் ஒலிக்கிறது, சினிமாவில் ஒலிக்கிறது, டிஜேவின் லேப்டாப்பிலும் இருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் சாவு வீட்டில் அடித்துத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்ட குடும்பத்தின் பிள்ளை, அதே பறை ஒலிக்கும் அரங்கின் வாசலில் நிற்கும்போது என்ன நடக்கிறது? சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது? தாளத்துக்குக் கதவைத் திறந்து, தாளம் போட்டவரை வெளியே நிறுத்துவது அமெரிக்காவில் மட்டும் நடக்கிற வேலை இல்லை.

உங்களில் பலர் கல்லூரியில் நிகழ்ச்சி நடத்துகிறீர்கள். சிலர் டிஜே ஆகப் பழகுகிறீர்கள். ஒரு வேண்டுகோள். அடுத்த நிகழ்ச்சிக்கு விளம்பரம் போடுவதற்கு முன்னால் வாசலை முடிவு செய்யுங்கள். யார் அங்கே நிற்கப் போகிறார், யாரைத் தடுக்க அவருக்கு அதிகாரம், பெண் தோழர் ஒருவருக்குத் தொல்லை நேர்ந்தால் யாரிடம் சொல்வது, வாசிப்பவருக்கு எவ்வளவு, எப்போது என்று எழுதி ஒட்டுங்கள். இதையெல்லாம் முடித்துவிட்டு ஸ்பீக்கரைக் கட்டுங்கள். பிறகு விடியவிடிய ஆடுங்கள். அதுவும் நம் உரிமைதான்.

கேட்ட தம்பிக்கு நன்றி. அடுத்த கூட்டத்தில் ஸ்பீக்கர் கொண்டுவரும் பொறுப்பு அவருக்கே.

ஜெய்பீம்.