பாதாளத்துக்குக் குளிர்காற்று

கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியபோது, பாறையின் உஷ்ணம் 60 டிகிரி செல்சியஸைக் கடந்து நின்றமையால், குளிர்சாதன யந்திரங்களை நிறுவி, குளிர்வித்த காற்றைக் கீழே செலுத்தித் தொழிலாளரின் பிராணனைக் காக்க வேண்டியதாயிற்று.

1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குவிதிகள், வேலைத்தலத்தில் காற்றின் ஈரத்தையும் கணக்கிற்கொள்ளும் ஈரக்குமிழ் வெப்பமானி 33.5 டிகிரியைத் தாண்டலாகாது என்றும், 30.5-ஐக் கடந்தாலே காற்று விநாடிக்கு 1 மீட்டர் வேகத்திலேனும் வீச வேண்டும் என்றும் விதித்தன. ஏனெனில், ஈரம் மிகுந்த காற்றில் வியர்வை உலராது. வியர்வை உலராத தேகம் தணியாது.

2001-இல் கோலார் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன எனினும், இன்றும் உலைக்களம் போன்ற வெப்பத்தில் உழைக்கும் ஒவ்வொருவரின் பொருட்டும் அவ்விதியின் கருணையை நினைவில் வைத்தல் நம் தர்மம்.