ஜெல் பிளாஸ்டர்: முதல்ல எதை வாங்கறது, எதை அப்கிரேடு பண்றது?

இந்த எபிசோடு பல மாசமா டிராஃப்ட்லயே கிடந்தது. "ப்ரோ, ஜெல் பிளாஸ்டர் வாங்கலாம்னு இருக்கேன், எதை எடுக்கறது, எந்தப் பேட்டரி போட்டா வேகம் ஏறும்"னு கேட்டு அத்தனை மெசேஜ். நானே இதுல விழுந்த ஆள்தான். ஆனா பேசாம தள்ளிப் போட்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. அதைச் சொல்லிட்டே ஆரம்பிக்கறேன்.

போன பொங்கலுக்கு பாபநாசம் பக்கத்துல எங்க அம்மாச்சி வீட்டுக்குப் போயிருந்தோம். கையில நான் ரெண்டு மாசமா தட்டி, பிரிச்சு, மாத்தி வச்சிருந்த ஒரு ஜெல் பிளாஸ்டர். மாட்டுப் பொங்கல் சாயந்திரம், கொல்லைப் பக்கம் களத்துல பசங்க எல்லாரும் ரெண்டு டீமாப் பிரிஞ்சு விளையாடறோம். கண்ணாடி போட்டா வேர்த்துப் பனி படியுதுன்னு அக்கா பையன் அதைக் கழட்டி வைக்கோல் போர் மேல வச்சிட்டான். ஒம்பது வயசு. அத்தை பையன் மூணு எட்டுத் தூரத்துல இருந்து டிரிக்கரை அழுத்தினான். கன்னத்து எலும்பு மேல, கண்ணுக்கு ஒரு விரல் கீழ பட்டுச்சு. சிவப்பா, காசு மாதிரி வட்டமா ஒரு தடம். அவன் அழுதான், பத்து நிமிஷத்துல திரும்ப விளையாட வந்துட்டான். எங்க அக்கா மட்டும் அன்னிக்கு ராத்திரி சாப்பிடற வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. சுட்டது அத்தை பையன். ஆனா அந்தத் துப்பாக்கியை அந்த வேகத்துக்கு ஏத்தினது நான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

உள்ள என்ன இருக்குன்னா, ஒரு சின்ன மோட்டார், சில பல்சக்கரம், ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன். மோட்டார் சுத்தி ஸ்பிரிங்கைப் பின்னாடி இழுக்கும், ஒரு இடத்துல விட்டுடும், பிஸ்டன் முன்னாடி பாய்ஞ்சு காத்தைத் தள்ளும், காத்து ஜெல் உருண்டையைக் குழல் வழியா வெளிய தள்ளும். அவ்வளவுதான். நம்ம வயல்ல எலிக்கு வைக்கற தஞ்சாவூர் கிட்டி பார்த்திருக்கீங்களா? மூங்கிலை வளைச்சுக் கட்டி, எலி தொட்டதும் விடுபடற மாதிரி வைப்பாங்க. மெதுவாச் சேர்த்து வச்ச சக்தியை ஒரே நொடியில விடறது. அதே ஐடியா, இங்க நொடிக்குப் பல தடவை நடக்குது. எங்க தாத்தா கிட்டி கட்டும்போது, வளைச்ச பக்கம் கையை விடாதேன்னு திட்டுவார். எனக்கு அப்போ புரியல.

குண்டு என்னன்னா, சூப்பர் அப்சார்பென்ட் பாலிமர். குழந்தைங்க டயப்பர்ல இருக்கற அதே குடும்பம். டெல்லியில இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் மானாவாரி நிலத்துல ஈரம் பிடிச்சு வைக்க 'பூசா ஹைட்ரோஜெல்'னு ஒண்ணு கொண்டு வந்தாங்களே, அதுவும் தூரத்துச் சொந்தம்தான். காய்ஞ்ச மணி கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர். மூணு நாலு மணி நேரம் ஊறினா 7 மில்லிமீட்டர் தாண்டும். விட்டம் மூணரை மடங்குதான், ஆனா கன அளவு 40 மடங்குக்கு மேல. இந்த நம்பரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி ஒரு இடத்துல தேவைப்படும்.

புதுசா வாங்கறவங்க பண்ற முதல் தப்பு, துப்பாக்கியைக் குறை சொல்றது. "ஜாம் ஆகுது, நேரா போக மாட்டேங்குது"ன்னு பார்த்தா, பாதி கேஸ்ல தண்ணிதான் பிரச்சனை. வேதாரண்யத்துல இருக்கற என் காலேஜ் ஃபிரெண்டு இதே புலம்பல். ஒரே பாக்கெட் ஜெல், எனக்கு நல்லாப் போகுது, அவனுக்கு ரெண்டு ரெண்டா விழுந்து நசுங்குது. ஸ்கேல் வச்சு அளந்தா அவனோடது 6 மில்லிமீட்டர்தான் இருக்கு. போர் தண்ணியில உப்பு. இந்தப் பாலிமர் வீங்கறதே உள்ள இருக்கற அயனிக்கும் வெளிய இருக்கற தண்ணிக்கும் உள்ள வித்தியாசத்தாலதான். வெளிய உப்பு ஏற ஏற அது வீங்கறது குறையும். ஆர்.ஓ. தண்ணியில ஊற வைடான்னேன். அடுத்த நாள் போன் பண்ணி, "மச்சான், துப்பாக்கி மாத்தின மாதிரி இருக்கு"ன்னான். ஆக உங்க முதல் அப்கிரேடுக்குச் செலவு ஒரு குடம் நல்ல தண்ணி. கடலோரம் இருக்கறவங்க மழைத்தண்ணி பிடிச்சு வச்சாலும் சரி. ஊறினதை வடிகட்டி, உடைஞ்சது, சின்னது எல்லாத்தையும் பொறுக்கி எடுத்துடுங்க. நாலு நாள் டப்பாவுல மூடி வச்ச ஜெல் வாடை அடிக்க ஆரம்பிக்கும், அதைப் போடாதீங்க.

இப்போ எதை வாங்கறது? நம்ம ஊர்ல ஆன்லைன்ல கிடைக்கறதுல பெரும்பாலானது ஆயிரம், ரெண்டாயிரம் ரூபாய் ரேஞ்ச். பிளாஸ்டிக் பாடி, நைலான் பல்சக்கரம், 7.4 வோல்ட் பேட்டரி, யூ.எஸ்.பி. சார்ஜர். முதல் துப்பாக்கிக்கு இதுவே போதும், நிஜமாவே போதும். லிஸ்டிங்ல "100 அடி ரேஞ்ச்"னு போட்டிருக்கறதை நம்பாதீங்க. அவ்வளவு தூரம் போய் விழலாம், குறி பார்த்து அடிக்க முடியாது. 15 மீட்டருக்குள்ள ஒரு பக்கெட்டை அடிச்சாலே நல்ல துப்பாக்கி. நான் பார்க்கறது மூணே விஷயம். ஸ்குரூ போட்ட பாடியா, ஒட்டினதா? ஒட்டினதைத் திறக்கவே முடியாது. பேட்டரி தனியாக் கழட்ட வருதா? ஸ்பேர் நாசில், ஸ்பேர் ஓ-ரிங் தனியாக் கிடைக்குதா?

கலர் பத்தி ஒரு வார்த்தை. தயவு செஞ்சு கறுப்பு ஏ.கே. மாடல் வேண்டாம். ஆரஞ்சு, நீலம்னு பார்த்ததும் பொம்மைன்னு தெரியற மாதிரி எடுங்க. பைக்ல பின்னாடி உட்கார்ந்து கையில பிடிச்சுட்டுப் போறது, தஞ்சாவூர் ஜங்ஷன்ல ரீல்ஸ் எடுக்கறது, இதெல்லாம் எதிர்ல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்னு யோசிங்க. ஆஸ்திரேலியாவுல தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் 2020 அக்டோபர்ல இதை நிஜத் துப்பாக்கிச் சட்டத்துக்குள்ளயே கொண்டு போயிடுச்சு. குயின்ஸ்லாந்துல 2021 பிப்ரவரியில இருந்து, வச்சிருக்க நியாயமான காரணம் இருக்கணும், வெளிய எடுத்தா பார்வைக்குத் தெரியாம கொண்டு போகணும்னு விதி. அடி படறதைவிட, பார்த்தவங்க பயந்து போலீஸுக்குப் போன் பண்றதுதான் அங்க பெரிய தலைவலியா இருந்துச்சு.

சரி, அப்கிரேடு. இங்க எல்லாரும் தலைகீழாப் பண்றாங்க, நானும் அப்படித்தான் பண்ணேன். முதல்ல பெரிய பேட்டரி, அப்புறம் கடினமான ஸ்பிரிங். ஏன்னா அது ஈஸி, மாத்தின உடனே சத்தமே வேற மாதிரி கேட்கும். ஆனா 11.1 வோல்ட் பேட்டரி போட்டா என்ன ஆகும்? மோட்டார் வேகமாச் சுத்தும், நொடிக்கு அதிகமாச் சுடும். தனித்தனி உருண்டையோட வேகம் ஏறாது, அது ஸ்பிரிங்கோட வேலை. டிரிக்கர் ஸ்விட்ச்சோட காண்டாக்ட் கருகும், மெல்லிசான வயர் சூடாகும், நைலான் பல் ஒரு நாள் 'க்ரக்'குனு போயிடும். கடின ஸ்பிரிங் சேர்த்துட்டா அந்த நாள் இன்னும் சீக்கிரம் வரும். அதைத் தாங்க மெட்டல் கியர், அதுக்கு மேல மாஸ்ஃபெட்னு போயிட்டே இருக்கும். நான் துப்பாக்கி விலையைவிட அதிகமா ஸ்பேருக்குச் செலவு பண்ணவன், அனுபவத்துல சொல்றேன்.

உண்மையில வித்தியாசம் தர்றது காத்து கசியாம இருக்கறது. பிஸ்டன் ஓ-ரிங் சரியா உட்கார்ந்திருக்கா, நாசில் சரியாப் போய் மூடுதான்னு பாருங்க. சிலிகான் கிரீஸ் ஒரு துளி போதும். தேங்காய் எண்ணெய் விடாதீங்க, ஆமா, என் அத்தை பையன் விட்டான். அதுக்கப்புறம் நேரான, உள்ள வழவழப்பா இருக்கற ஒரு மெட்டல் பேரல். இந்த ரெண்டுலயே குறி கண்ணுக்குத் தெரியற அளவு மாறும், வேகத்தை ஏத்தாமலே. லித்தியம் பாலிமர் பேட்டரி வாங்கித்தான் ஆவேன்னா பேலன்ஸ் சார்ஜர் சேர்த்து வாங்குங்க. நம்ம ஊர் மே மாச வெயில்ல வண்டி சீட்டுக்கு அடியில வச்சுட்டுப் போகாதீங்க.

வேகத்தை அளக்காம மட்டும் எதையும் மாத்தாதீங்க. கருவி வாங்க வேண்டாம், போன் போதும். துப்பாக்கிக்கு 5 மீட்டர் தள்ளி ஒரு தகரம். சரியா நடுவுல போனை வச்சு ஆடியோ ரெக்கார்டு பண்ணுங்க. நடுவுல வச்சா ரெண்டு சத்தமும் ஒரே தூரம் வந்து சேரும், சத்தத்தோட வேகத்துக்குன்னு தனிக் கணக்குப் போட வேண்டாம். ஆடாசிட்டியில திறந்தா ரெண்டு முள்ளு தெரியும், சுட்டது ஒண்ணு, பட்டது ஒண்ணு. என் துப்பாக்கி வாங்கினப்போ நடுவுல 109 மில்லி செகண்ட். அதாவது நொடிக்குக் கிட்டத்தட்ட 46 மீட்டர், எஃப்.பி.எஸ்.ல சொன்னா 150. ஸ்பிரிங் மாத்தினதுக்கு அப்புறம் 71 மில்லி செகண்ட், 70 மீட்டர், 230 எஃப்.பி.எஸ். "ஒன்றரை மடங்குதானே"ன்னு எனக்கு ஒரே குஷி.

அங்கதான் தப்பு. அடிக்கற சக்தி வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 100 ஜெல் எடை போட்டேன், 18 கிராம். ஒண்ணுக்கு 0.18 கிராம். முன்னாடி 0.19 ஜூல், இப்போ 0.44 ஜூல். ரெண்டே கால் மடங்குக்கு மேல. பத்தாவது பிசிக்ஸ். இந்தக் கணக்கை நான் போட்டது பொங்கல் முடிஞ்சு, சென்னைக்குத் திரும்பி வந்த அப்புறம்.

ஏர்கன்னுக்கு நம்ம 2016 ஆயுத விதிகள்ல 20 ஜூல்னு ஒரு கோடு இருக்கு, அதோட ஒப்பிட்டா இது தூசுதானேன்னு சிலர் சொல்வீங்க. தோலுக்குத் தூசுதான். கண்ணுக்கு இல்ல. கிரிக்கெட் பால் முகத்துல பட்டா, கண்ணைச் சுத்தி இருக்கற எலும்பு கொஞ்சமாவது அதைத் தாங்கும். 7 மில்லிமீட்டர் உருண்டைக்கு அந்த எலும்பு தடையே இல்ல, நேரா உள்ள போகும். அதனால கண்ணாடின்னா பவர் கிளாஸ் இல்ல, கூலிங் கிளாஸ் இல்ல. ஹார்டுவேர் கடையில கிடைக்கற, பக்கமும் மூடின, இம்பாக்ட் ரேட்டிங் போட்ட சேஃப்டி காகுல்ஸ். இசட்87 இல்லைன்னா இ.என்.166னு ஃபிரேம்ல பொறிச்சிருக்கும். வாங்கும்போதே பனி படியாத கோட்டிங் இருக்கறதாப் பாருங்க, இல்லைன்னா பசங்க எப்படியும் கழட்டி வைப்பாங்க. வைக்கோல் போர் மேல இருந்த அந்தக் கண்ணாடி மலிவா வாங்கினது. கோட்டிங் இல்லாதது. வாங்கினதும் நான்தான்.

இப்போ அந்த 40 மடங்குக்கு வர்றேன். தவழற குழந்தை வீட்டுல இருந்தா ஜெல் பாக்கெட்டை வீட்டுக்குள்ளயே கொண்டு வராதீங்க. காய்ஞ்ச மணி கடுகு மாதிரிதான் இருக்கும், தரையில உருண்டா தெரியாது. முழுங்கிட்டா வயித்துக்குள்ள போய் வீங்கும், குடலை அடைக்கும். எக்ஸ்ரேல சாதாரணமாத் தெரியாது. அமெரிக்காவுல 2023ல ஒரு குழந்தை இறந்ததை ஒட்டி ஒரு வாட்டர் பீட்ஸ் கிட்டையே திரும்ப வாங்கினாங்க. அந்த வருஷக் கடைசியில அமேசான், வால்மார்ட், டார்கெட் மூணும் குழந்தைகளுக்குன்னு சொல்லி அதை விக்கறதை நிறுத்தினாங்க. குழந்தை முழுங்கியிருக்கும்னு சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போங்க, போகும்போது பாக்கெட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க.

ஒரத்தநாட்டுல இருந்து ஒருத்தர் கேட்டிருந்தார், வயல்ல மயில் இறங்கி நெல்லை நாசம் பண்ணுது, இதை வச்சு விரட்டலாமான்னு. வேண்டாம் அண்ணே. குறி 15 மீட்டரோட சரி, மயிலும் வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. அதைவிட, இதுலயே வேகம் ஏத்தறேன், அதுல கார்பைடு போடறேன்னு போனா எங்க நிக்கும்னு 2025 தீபாவளிக்கு போபால்ல பார்த்தோம். பறவை, குரங்கு விரட்டற அந்தக் கார்பைடு குழாய்த் துப்பாக்கியை பசங்க பட்டாசா வாங்கி வெடிச்சு, அந்த மாநிலத்துல நூத்துக்கும் மேல கண் காயம்.

விளையாட இடம்னா, டெல்டா பசங்களுக்கு அறுவடை முடிஞ்ச வயலைவிட நல்ல இடம் இருக்காதுன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா அறுப்புக்கு அப்புறம் அங்க மேய்ச்சல் வாத்து வரும், கீதாரிங்க ஆட்டுக் கிடை போடுவாங்க. சிந்தின ஜெல் வெயில்ல காய்ஞ்சா திரும்பச் சின்ன மணி ஆயிடும். சிந்தின நெல்லைப் பொறுக்கற வாத்து இதையும் பொறுக்கும். ஆத்து மணல், வாய்க்கால் கரையும் வேண்டாம். நாங்க இப்போ களத்துல பழைய நெல் காயப் போடற தார்ப்பாயை விரிச்சு, சுவத்தோரம் பக்கெட், தகர டப்பா அடுக்கிக் குறி பார்க்கறதோட சரி. ஆள் மேல சுடறது இல்ல. முடிஞ்சதும் தார்ப்பாயை உதறிக் குப்பையில கொட்டிடலாம்.

பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டிட்டேன். போன வாரம் அளந்தப்போ 108 மில்லி செகண்ட். மருமகனுக்கு இசட்87 கண்ணாடி வாங்கி அனுப்பினேன். அக்கா போன்ல, "கோட்டிங் இருக்கான்னு பார்த்துதான வாங்கின?"ன்னு கேட்டுச்சு. இருக்குக்கான்னேன்.

கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. 11.1 வோல்ட் பேட்டரிக்கு எந்த மாஸ்ஃபெட்னு மட்டும் கேட்காதீங்க, சொல்ல மாட்டேன்.