அழியாப் பூட்டு



கணக்கேட்டில் ஒரு தொகையைத் திருத்தினால் அடித்தல் தெரியும். கணினிக் கோப்பைத் திருத்தினாலோ, பார்ப்பவர் கண்ணுக்கு அது புலனாவதில்லை. அமெரிக்கப் பங்குத் தரகர்கள் ஆவணங்களை மின்வடிவில் வைக்க 1997இல் விதி இசைந்தபோது, அவற்றை அழிக்கவோ மாற்றி எழுதவோ இயலாதவாறு வைத்தல் வேண்டும் என்றும் பணித்தது. பேரேடுகளுக்கு 6 ஆண்டுகள். கடிதங்களுக்கு 3 ஆண்டுகள்.

இன்று அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் 'ஆப்ஜெக்ட் லாக்' என்னும் பூட்டு இப்பணியைச் செய்கிறது. அதன் 'கவர்னன்ஸ்' நிலையில், தனி அனுமதி பெற்றவர் பூட்டைத் திறக்கலாம். 'கம்ப்ளையன்ஸ்' நிலையில் உரிமையாளரே முயன்றாலும் கெடு முடியும்வரை கோப்பை அழிக்க இயலாது. கெடுவை நீட்டலாம், குறைக்கலாகாது. கை தவறி 6க்குப் பதில் 60 என்று இட்டவர், கணக்கையே மூடினாலன்றி, அத்தனை ஆண்டும் வாடகை செலுத்த வேண்டியதுதான்! ஆதலின் முதலில் 'கவர்னன்ஸ்' நிலையில் ஒருநாள் கெடுவிட்டுச் சோதித்தலே அறிவுடைமை.

வழக்கு நேர்ந்தால் 'லீகல் ஹோல்டு' என்னும் கெடுவற்ற தடையும் உண்டு. ஒருவர் நீக்கும்வரை அது நிற்கும்.

கெடு கழிந்த கோப்பு தானே மறையும் என்று பலர் எண்ணுகின்றனர். மறையாது. பூட்டு மட்டுமே விலகும். கோப்பை நீக்குவதற்கு வேறொரு விதியைத் தனியே எழுதி வைத்தல் வேண்டும்.