பாவையை இயந்திரம் ஆட்டலாம், பேசுவது யார்?

(பாலக்காட்டில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயற்கை நுண்ணறிவு, ஏ.ஐ. என்று இன்று ஊரெல்லாம் பேச்சு. அது பாட்டு எழுதுகிறது, படம் வரைகிறது, மறைந்தவர் குரலில் பாடுகிறது. தேயிலைக்காட்டிலும் செங்கல் சூளையிலும் உழைக்கிற நமக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கலாம். நமக்கு இதில் பங்கும் உண்டு, உரிமையும் உண்டு.

இந்தப் பாலக்காட்டு மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். இங்குள்ள பத்ரகாளி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடக்கிறது. கூத்துமாடத்தில் திரை கட்டி, பின்னால் 21 விளக்கேற்றி, தோற்பாவைகளை ஆட்டி இராமகதை சொல்கிறார்கள். பாடுகிறவர்களின் வீட்டு மொழி மலையாளம். பாடுவதோ கம்பனின் தமிழ்! இராவணன் வீழ்ந்த வேளையில் காளி தாருகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் அதைக் காணவில்லை, அவள் காணவே இந்தக் கூத்து என்பது ஐதீகம். ஆகவே திரைக்கு முன்னால் ஓர் ஆள் இல்லாத இரவிலும் கூத்து நிற்பதில்லை.

ஷொர்ணூர் அருகே கூனத்தறையைச் சேர்ந்த இராமச்சந்திரப் புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில், அவர் குடும்பத்தாரின் துணையோடு திருச்சூர் நிறுவனம் ஒன்று பாவைகளை ஆட்டும் ரோபோக்களைச் செய்தது. அவை பாலக்காடு மாவட்ட அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. இதை நான் குறைசொல்ல வரவில்லை. இரவெல்லாம் விழித்திருக்க முடியாத பள்ளிப் பிள்ளை பகலில் ஒரு காட்சி பார்க்கட்டும்.

ஆனால் பாவை அசைவது பாதி வேலைதான். ஒருவர் பாட்டைப் பாடிப் பொருள் விரிப்பார். மற்றவர் குறுக்குக் கேள்வி போடுவார். வாதம் புராணத்துக்கும் இலக்கணத்துக்கும் ஓடும். நேற்றுச் சொன்னது இன்று அப்படியே வராது. அந்த வாய் வளம் ஆண்டுக்கணக்கில் ஆசானோடு உட்கார்ந்து வருவது. மோட்டார் கையை அசைக்கும். கேள்விக்கு யார் மறுமொழி சொல்வார்?

மோட்டாரை விட ஏ.ஐ. ஒரு படி மேலே போகிறது. அது மறுமொழியும் சொல்கிறது. எப்படி? கோடிக்கணக்கான மனிதர் எழுதியதையும் பாடியதையும் தின்று, அந்தச் சாயலில் திருப்பித் தருகிறது. வெறும் வயிற்றில் எந்த இயந்திரமும் பாடுவதில்லை, தோழர்களே!

2024-ல் வந்த ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஐ. கொண்டு ஒலிக்கச் செய்தார்கள். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று உரிய தொகையும் கொடுத்ததாக ஏ.ஆர். ரகுமான் சொன்னார். பெயர் பெற்ற பாடகர், எனவே கேட்டார்கள். நம் பாட்டியின் ஒப்பாரியை யாரோ கைபேசியில் பிடித்துப்போய் இயந்திரத்துக்குத் தீனி போட்டால், நம்மை யார் கேட்பார்கள்?

நான் ரயில்வே குமாஸ்தா. 1985-ல் டில்லியில் கணினி முன்பதிவு தொடங்கியது. பின்பு நாடெங்கும் பேரேடுகள் மறைந்தன. வருகிற இயந்திரத்தை வாசலில் நிறுத்திவைக்க முடியாது. எந்த நிபந்தனையில் வருகிறது என்பதில் நாம் பேச முடியும். 2023-ல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏ.ஐ.யை எழுத்தாளராகக் கருதக் கூடாது, அதைப் பயன்படுத்தும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள். சங்கம் இருந்ததால் முடிந்தது.

நம் மூணாற்றையும் நினையுங்கள். 2015 செப்டம்பரில், போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தபோது, கொழுந்து எடுக்கும் தாய்மார்கள் ‘பெம்பிளை ஒருமை’யாகத் திரண்டு சாலையில் உட்கார்ந்தார்கள். கோஷம் எழுதிக் கொடுக்க எந்தத் தலைவரையும் அவர்கள் தேடவில்லை. தமிழும் மலையாளமும் கலந்து அவர்களே கட்டினார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதத்தைப் பெற்று எழுந்தார்கள். பசியும் கோபமும் பிறப்பித்த சொற்கள் அவை. முன்பு யாரும் சொல்லாததை எந்த இயந்திரம் எடுத்துக் கொடுத்திருக்கும்?

இன்று நம் பிள்ளைகள் பள்ளிக் கட்டுரையைக் கைபேசியிடம் கேட்டு எழுதுகிறார்கள். தேயிலைத் தோட்டம் என்று கேட்டால் ‘பச்சைக் கம்பளம் விரித்தாற்போல’ என்று தருகிறது. கம்பளமாம்! அம்மாவின் காலில் அட்டைக்கடி, தலையில் கொழுந்து மூட்டை, எடைபோடும் இடத்தில் வரும் வாக்குவாதம், இவையெல்லாம் அந்தக் கம்பளத்துக்கு அடியில் மறைந்துபோகின்றன. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததை அந்தப் பிள்ளையே எழுதாவிட்டால், நம் வாழ்க்கையை உல்லாசப் பயணி பார்த்தபடியே நாளைய உலகம் அறியும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது மூன்று. எங்கள் பாட்டையும் குரலையும் எடுக்குமுன் எங்கள் சம்மதம் வேண்டும். எடுத்தால் கூலி வேண்டும். பாடியவர் பெயர் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் மூன்று. லயங்களில் வயதானவர்கள் பாடும் தாலாட்டையும் நடவுப்பாட்டையும் ஒப்பாரியையும் அவர்கள் சம்மதத்தோடு நோட்டில் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை பிள்ளைகளைச் சொந்தக் கையால் எழுதச் சொல்லி, கூட்டத்தில் படிக்கச் செய்யுங்கள். தப்பும் தவறுமாய் இருந்தாலும் கை தட்டுங்கள். தமிழ்ப் பள்ளிகளை விட்டுவிடாதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டுக்கு ஒரு பாட்டு, பிள்ளைக்கு ஒரு பக்கம் கொண்டுவாருங்கள்.