லைன் வீட்டுக்கும் லைசென்ஸ் வேண்டும்

(பெங்களூரில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வீட்டுக்காரரைப் பற்றிப் பேச்சு என்றதும் பின்னால் இருப்பவர்கள் கதவைச் சாத்துகிறீர்கள். திறந்தே இருக்கட்டும். அவர் காதிலும் விழட்டும்.

2024 ஆகஸ்டில் பெங்களூர் மாநகராட்சி, 'பி.ஜி.' என்று கட்டில் கணக்கில் வாடகைக்கு விடும் வீடுகளுக்கு விதிகள் போட்டது. லைசென்ஸ் இன்றி நடத்தக் கூடாது. ஆளுக்கு 70 சதுர அடி இடமாவது வேண்டும். தினம் 135 லிட்டர் தண்ணீர், வாசலில் காமிரா, தீத்தடுப்பு ஏற்பாடு எல்லாம் வேண்டும். அதற்கு முந்திய மாதம்தான் கோரமங்கலாவில் ஒரு பி.ஜி.க்குள் புகுந்தவன் ஓர் இளம்பெண்ணைக் கொன்றான். உயிர் போன பிறகுதான் விதி வருகிறது. போகட்டும், வந்ததே நல்லது.

ஆனால் நாம் குடியிருப்பது பி.ஜி.யிலா? லைன் வீட்டில்! பத்துக்குப் பத்து அறை என்றால் 100 சதுர அடி. அந்த விதிப்படி அதில் ஒருவர்தான் இருக்கலாம். நம்மில் எத்தனை பேர் படுக்கிறோம் என்று கேட்கவில்லை. அதற்கு வெட்கப்பட வேண்டியவர்கள் நாமல்ல. ஓட்டல் நடத்த லைசென்ஸ் வேண்டும். இருபது அறை கட்டி, மாதம் பிறந்ததும் வாடகை வசூலிப்பவருக்கு மட்டும் எதுவும் வேண்டாமாம்!

இது வீண் பயம் என்பவர்கள் கேளுங்கள். 2019 டிசம்பர் 8 அதிகாலையில் டில்லி அனாஜ் மண்டியில், வேலை செய்த கட்டிடத்திலேயே தூங்கிக்கொண்டிருந்த 43 தொழிலாளர்கள் மாண்டார்கள். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை. 2024 ஜூன் 12-ல் குவைத் மங்காப்பில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்.

இப்போது நம் லைனைப் பாருங்கள். இறங்க ஒரே மாடிப்படி. அதன் கீழே எல்லா மீட்டர்களும். அங்கேயே பைக், சிலிண்டர், சார்ஜ் ஏறும் ஸ்கூட்டர். தீப்பிடித்தால் புகை நேரே படி வழியாகத்தான் மேலே வரும். நாம் இறங்க வேண்டியதும் அதே படி. ஜன்னலிலோ பற்றவைத்த கம்பி. குளியலறையில் கேஸ் கீசர் வைத்துக் காற்றுப்போக்கியை அடைத்திருந்தால், கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. குளிக்கப் போன பிள்ளை மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச் எத்தனை லைனில் இருக்கிறது?

"விதி வந்தால் முதலில் நம்மைத்தானே காலி செய்யச் சொல்வான்?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அட்வான்ஸ் அவர் கையில் இருக்கும்வரை நம் வாய் அடைபட்டுத்தான் கிடக்கும். மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம், குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. இங்கே பத்து மாதம் கேட்டுப் பழகிவிட்டார்கள். ஆகவே லைசென்ஸ் மட்டும் கேட்டால் போதாது. குறையைச் சரிசெய்ய வீட்டுக்காரருக்குத் தவணை கொடுங்கள். அதைச் சாக்கிட்டு ஒரு குடும்பத்தையும் வெளியேற்றக் கூடாது. செலவை வாடகையில் ஏற்றக் கூடாது. வாடகைக்கு ரசீது கட்டாயம். இவ்வளவும் சேர்ந்ததுதான் நமது கோரிக்கை.

சில லைன்கள் நம் ஊர்க்காரர் கட்டியவை. அவரையும் விட்டுவைப்பதற்கில்லை, தருமபுரிக்காரர் இழுத்த ஒயர் என்பதற்காக ஷாக் அடிக்காமல் இருக்குமா? பக்கத்து அறையில் இருப்பவர் ராய்ச்சூர்க்காரர், கலபுரகிக்காரர். அவர் பிள்ளைக்கும் அதே படிதான். அவர்களையும் சேர்த்துக்கொண்டே போவோம்.

2025-ல் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்துவிட்டார்கள். எனவே உங்கள் தெரு எந்த மாநகராட்சியில் வருகிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வரும் ஞாயிறு காலை சங்கத்திலிருந்து டேப் கொண்டு வருவோம். அறையின் அளவு, ஆட்களின் எண்ணிக்கை, கக்கூஸ் எத்தனை, படி எத்தனை, அந்த சுவிட்ச் உண்டா இல்லையா, எல்லாம் எழுதிக்கொள்வோம். மனு கன்னடத்தில் இருக்க வேண்டும். இங்கே பள்ளியில் கன்னடம் படிக்கும் நம் பிள்ளைகள் அன்று ஒரு மணி நேரம் முன்னதாக வரட்டும்.